ஆறு முறை போயும் பூட்டுச் சந்தேகம் தீரவில்லை: ஆலோசகரை மாற்றலாமா?

கடிதத்தின் சுருக்கம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வசிக்கும் 36 வயது வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு 41 வயது. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்துக் கூலிக்குச் செய்து கொடுக்கிறார். நான்கைந்து ஆண்டுகளாக ஒரே கொலுசை எலக்ட்ரானிக் தராசில் பத்துப் பதினைந்து முறை எடை போடுகிறார். பற்றவைக்கும் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறார். ஷட்டரைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறார். படுத்த பிறகும் செல்போனில் பட்டறையின் சிசிடிவியைப் பார்த்தபடி, "பூட்டியாச்சா?" என்று மனைவியிடம் ஓர் இரவில் இருபது முறைக்குக் குறையாமல் கேட்கிறார். அவரும் ஒவ்வொரு முறையும் "பூட்டியாச்சுங்க" என்கிறார்.

மனநல மருத்துவர் இது ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். "பழக்கமாகிடும்" என்று மாமியார் சொன்னதால் மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பிறகு ஓர் ஆலோசகரிடம் ஐந்து மாதத்தில் ஆறு அமர்வுகள். அங்கே மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்து, நல்ல எண்ணங்களை நோட்டில் எழுதச் சொல்லி, பூட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறார்கள். "அந்தத் தம்பி நல்லாத்தான் பேசறாப்ல" என்கிறார் கணவர். மாற்றம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மனச்சோர்வு அதே ஆலோசகரிடம் நான்கே அமர்வில் சரியாகிவிட்டது. "இவருக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை? மனத்திடம் போதாதா? ஆலோசகருக்கு 29 வயதுதான், அது காரணமா? இவர் உள்ளே என்ன சொல்கிறார் என்று கேட்டால் எனக்குச் சொல்ல மறுக்கிறார்கள். பேசாமல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கே போய்விடலாமா?" என்று கேட்கிறார். கடைசி வரியில், போன வாரம் கணவர் "இப்படி இருக்கறதுக்கு இல்லாமலே போயிடலாம்" என்று சொன்னதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். இன்றே, குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவரிடம் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டதும் பல பேருக்குச் சுமை இறங்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவிச் சேவை) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கொலுசுப் பட்டறையில் உயிரைப் பறிக்கக்கூடிய ரசாயனங்கள் இருக்கும். இந்தச் சில மாதங்களுக்கு அவற்றின் சாவி அவர் கையில் வேண்டாம். அண்ணனோ நம்பகமான வேலையாளோ வைத்துக்கொள்ளட்டும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சிகிச்சை தோற்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், ஓ.சி.டி.க்கு உரிய சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை. மாத்திரை மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. ஆறு அமர்வுகளில் நடந்தது ஆறுதலும் தளர்வுப் பயிற்சியும். மனச்சோர்வில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது உதவியிருக்கலாம். உங்கள் கணவரின் நோய் வேறு வகை.

எல்லாப் பேச்சும் ஒரே மருந்து ஆகாது

எந்த முறையில் சிகிச்சை செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற வாதத்தை 1936-இலேயே அமெரிக்க உளவியலாளர் சால் ரோசென்ஸ்வைக் எழுதிவிட்டார். மனச்சோர்வு போன்றவற்றில் அது ஓரளவு பொருந்தும். ஓ.சி.டி.யில் பொருந்தாது. இங்கே எதைச் செய்கிறோம் என்பது பெரிய வித்தியாசம் செய்கிறது.

'பூட்டவில்லையோ' என்ற எண்ணம் வருகிறது, பதற்றம் ஏறுகிறது. பூட்டை ஆட்டிப் பார்த்ததும் பதற்றம் இறங்குகிறது. அந்த நிம்மதிதான் விஷமம் செய்கிறது: 'சரிபார்த்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போல அடுத்த முறை சந்தேகம் இன்னும் வலுவாக வருகிறது. இதை முறிக்கும் பயிற்சிக்கு இ.ஆர்.பி. என்று பெயர். பதற்றம் தரும் சூழலுக்கு வேண்டுமென்றே போய் நின்று, வழக்கமான சரிபார்ப்பைச் செய்யாமல் இருப்பது. பதற்றம் தானாக இறங்கும். இறங்காவிட்டாலும் அதோடு அடுத்த வேலையைப் பார்க்க முடியும் என்று உடம்பு அனுபவத்தில் கற்கும். இதன் முதல் வடிவத்தை விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்டார். 2005-இல் அமெரிக்காவில் வெளியான 12 வார ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 62 விழுக்காட்டினருக்கும், குளோமிப்ரமின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 70 விழுக்காட்டினருக்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 8 விழுக்காடு.

இப்போது அந்தப் போட்டோ விஷயத்தைப் பாருங்கள். பூட்டைப் படம் எடுக்கச் சொன்னது நல்லெண்ணத்தில்தான். ஆனால் அது சரிபார்ப்புக்கு இன்னொரு கருவியைக் கையில் கொடுத்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கி நாதாங்கி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் சிசிடிவியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சந்தேகம் வரும்போதெல்லாம் மூச்சை இழுத்து விடுவதும் மெல்ல ஒரு சடங்காகிவிடக்கூடும். ஏழாவது, எட்டாவது அமர்வும் இதே வழியில் போனால் நோய் அப்படியே இருக்கும், பணம் மட்டும் கரையும்.

பயிற்சி அவருடைய பட்டறையிலேயே, ஏணிப்படி போல நடக்க வேண்டும். பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, அவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து பட்டியல் எழுதுவார்கள். வீட்டு அடுப்பு ரெகுலேட்டரை ஒரு முறை மூடிவிட்டு வெளியே போவது 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலிச் சீட்டை எழுதி மறுபடி படிக்காமல் கொடுப்பது 45. ஒரு ஜோடிக் கொலுசை ஒரே முறை எடை போட்டுக் கணக்கு நோட்டில் குறித்து மூடுவது 60. ஷட்டரைப் பூட்டித் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்வதும், அன்றிரவு சிசிடிவியைத் திறக்காததும் 80. நாற்பது சுமார் உள்ள படியில் தொடங்கி, அது சலித்துப் போகிற வரை தினம் செய்து, அடுத்த படிக்குப் போவது.

வெள்ளித் தொழிலில் எடை போடாமல் இருக்க முடியாது. வெள்ளியை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் எடை குறித்தே ஆகவேண்டும், சேதாரக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஆகவே 'சரிபார்க்கவே கூடாது' என்று சொல்லும் சிகிச்சையாளர் தொழிலைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். கவனமான சக பட்டறைக்காரர் ஒருவர் எத்தனை முறை பார்ப்பாரோ அதுதான் அளவு. அதற்கு மேல் போவது நோய் கேட்பது.

ஆறு அமர்வு என்பது எவ்வளவு?

1986-இல் கென்னத் ஹவார்டும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, 8 வார அமர்வுகளில் சுமார் பாதிப்பேரும் 26 அமர்வுகளில் சுமார் முக்கால்வாசிப்பேரும் முன்னேறியிருந்தனர். அது பலவகை நோயாளிகள் கலந்த கணக்கு. ஓ.சி.டி.க்கு வாரம் ஒன்றாக 13 முதல் 20 அமர்வுகள் வரை திட்டமிடுவது வழக்கம். உங்கள் கணவருக்கு நடந்தது மாதம் ஒன்று. இடைவெளி அவ்வளவு நீளும்போது, போன முறை பேசியதை நினைவுபடுத்தவே பாதி நேரம் போய்விடும். ஆர்டர் நெருக்கடி காரணம் என்கிறீர்கள். அப்படியானால் தீபாவளி வேலை முடிந்த பிறகு மூன்று மாதம் ஒதுக்கி வாரா வாரம் போவது, ஆண்டு முழுக்க இழுப்பதைவிட மேல். தற்கொலைப் பேச்சு இருப்பதால் மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

வாரத்தில் 168 மணி நேரம். சிகிச்சை அறையில் கழிவது அதில் ஒன்று. மீதி நேரத்தில் தினம் முக்கால் மணியாவது பயிற்சி நடந்தால்தான் அந்த ஒரு மணிக்கு அர்த்தம். வீட்டுப் பயிற்சியைச் செய்கிறவர்களுக்குப் பலன் கூடுதல் என்பது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். செய்யாவிட்டால் 'சோம்பேறி' என்று முடிவு கட்டக் கூடாது. அந்தப் படி உயரமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு இறக்கிக் கொடுக்க வேண்டும். அது சிகிச்சையாளரின் வேலை.

ஆலோசகரின் வயதும் அவர்மீதான நம்பிக்கையும்

29 வயது என்பதை விட்டுவிடுங்கள். சிகிச்சையாளருக்குச் சிகிச்சையாளர் பலன் வேறுபடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வேறுபாட்டை வயதோ பணி அனுபவமோ பெரிதாக விளக்குவதில்லை. இவர் இ.ஆர்.பி. பயின்றவரா, அதை மேற்பார்வையில் செய்து பழகியவரா என்பதே கேள்வி.

கணவருக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் உள்ள கூட்டுறவு பலனோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்று 2018-இல் 295 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், ஒட்டுறவு 0.28 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மிதமான அளவுதான், ஆனால் எந்தச் சிகிச்சை முறையிலும் அது தெரிகிறது. இணையத்தில் '40 விழுக்காடு வாழ்க்கைச் சூழல், 30 உறவு, 15 நம்பிக்கை, 15 உத்தி' என்று ஒரு வட்டப்படம் சுற்றுகிறது. அது மைக்கேல் லாம்பர்ட் 1992-இல் ஆய்வுகளைப் படித்துச் சொன்ன ஒரு மதிப்பீடு. புள்ளியியல் கணக்கு போட்டு வந்த முடிவு அல்ல. அதைக் காட்டி 'உத்தியெல்லாம் 15 விழுக்காடுதானே' என்று யாராவது சொன்னால் ஓ.சி.டி. விஷயத்தில் ஏற்க வேண்டாம்.

பிடித்திருப்பது மட்டும் கூட்டுறவு ஆகிவிடாது. எட்வர்ட் போர்டின் 1979-இல் மூன்று பகுதிகளைப் பிரித்துக் காட்டினார்: பிணைப்பு, இலக்கில் உடன்பாடு, செய்ய வேண்டிய வேலையில் உடன்பாடு. உங்கள் கணவரிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவதில் சிக்கல். 'அந்த எண்ணமே வரக்கூடாது' என்பது அவர் எதிர்பார்ப்பு. அது யாருக்கும் நடக்காது. 1978-இல் ராக்மனும் டி சில்வாவும் காட்டியபடி, நோயில்லாதவர்களுக்கும் இதே மாதிரி வேண்டாத எண்ணங்கள் வந்து போகின்றன. எண்ணம் வரட்டும், அதற்காக எழுந்து போகாமல் இருக்கிறேன் என்பதே அடையக்கூடிய இலக்கு. இதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாதவரை எத்தனை அமர்வு போனாலும் அவர் கணக்கில் அது தோல்விதான்.

மனத்திடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினைந்து முறை எடை போட்டுவிட்டுக் கூலிக்கு நேரத்துக்குச் சரக்கும் கொடுக்கிற மனிதருக்குத் திடம் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் "பூட்டியாச்சுங்க"

இது உங்களுக்குக் கசக்கலாம். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலும் அவர் பூட்டை ஆட்டிப் பார்ப்பதற்குச் சமம். வீட்டார் இப்படித் துணைபோவது அதிகமாக இருக்கும் குடும்பங்களில் சிகிச்சைப் பலன் குறைகிறது. அன்பினால் செய்ததுதான், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

நாளையிலிருந்து திடீரென்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அது சண்டையில்தான் முடியும். இப்போது அவர் மனநிலை இருக்கும் நிலையில் மருத்துவரோ சிகிச்சையாளரோ கூட இருந்து தொடங்குவதே பாதுகாப்பு. ஓர் அமர்வில் அவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு ஒரு வாக்கியத்தை முடிவு செய்யுங்கள். உதாரணமாக: "இது அந்த நோய் கேக்கற கேள்விங்க. நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா உங்க பக்கத்துலயே இருக்கேன்." முதல் வாரம் இரவில் ஐந்து பதில், அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு இல்லை.

இதில் வழக்கமாக மூன்று இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று, அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு மனமிரங்கிப் பதில் சொல்வது. அது உடனே சொல்வதைவிட மோசம். கெஞ்சினால் கிடைக்கும் என்று நோய் கற்றுக்கொள்ளும். இரண்டாவது, நீங்கள் நிறுத்தியதும் அவர் மகளிடமோ தன் அம்மாவிடமோ கேட்கத் தொடங்குவது. மாமியாரையும் அந்த ஒரு அமர்வுக்குக் கூட்டிப்போங்கள். மூன்றாவது, முதல் சில நாட்கள் கேள்வி கூடுவதைப் பார்த்துப் பயந்து கைவிடுவது. கூடத்தான் செய்யும், பெரும்பாலும் பிறகு தணியும்.

மாத்திரை

ஓ.சி.டி.க்கு முதலில் கொடுக்கப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் தூக்க மாத்திரை போல அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம்; அதை 'பழக்கமாகிவிட்டது' என்று பல வீடுகளில் தவறாக நினைக்கிறார்கள். மனச்சோர்வைவிட ஓ.சி.டி.க்கு அளவு கூடுதலாகத் தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்று வாரத்தில் குமட்டலும் வயிற்றுக் கோளாறும்தான் தெரியும், நன்மை தெரியாது. வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையை நீங்களாக எடுத்துத் தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் நிறுத்திய கதையை அப்படியே சொல்லுங்கள். பதற்றத்துக்கு அவ்வப்போது போட அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவை கையில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பயிற்சிக்கு முன் அதைப் போட்டுக்கொண்டால் பயிற்சியின் பலன் குறையக்கூடும்.

அவர் உள்ளே சொல்வது உங்களுக்கு ஏன் வராது

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு நோயாளியின் தகவல்களைக் காக்கச் சொல்கிறது. மனைவி என்பதாலேயே அதைப் பெறும் உரிமை இல்லை. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவர் விரும்பினால் 14-ஆம் பிரிவின்படி உங்களைச் சிகிச்சை விஷயத்தில் துணைநிற்கும் தன் நியமனப் பிரதிநிதியாக வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை 25-ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. மருத்துவமனை மாறும்போது கைகொடுக்கும். ஆனால் நீங்கள் அவர்களுக்குச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. போன வாரம் அவர் சொன்ன வார்த்தையை ஆலோசகருக்கு இன்றே தெரிவியுங்கள்.

ரகசியம் காக்கப்படுவது உங்களுக்கும் நல்லதே. 'ஒரு விஷயம் மட்டும் அந்தத் தம்பிகிட்ட சொல்லவே மாட்டேன்' என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்கமோ அருவருப்போ தரும் எண்ணங்களை ஓ.சி.டி. உள்ளவர்கள் பல ஆண்டுகள் மறைத்துவைப்பது சகஜம். மறைத்துவைத்ததைத் தொடாமல் சிகிச்சை பூட்டையும் தராசையும் சுற்றியே நின்றுவிடும். அது என்ன என்று நீங்கள் துருவ வேண்டாம். 'என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடம் சொல்லுங்க' என்றால் போதும்.

மாற்றுவதா, தொடர்வதா?

ஒரே ஓர் அமர்வு போய், கணவரே இவற்றைக் கேட்கட்டும். வாய் வரவில்லை என்றால் தாளில் எழுதிக் கொடுக்கட்டும்:

- ஓ.சி.டி.க்கு இ.ஆர்.பி. செய்வீர்களா? இதுவரை ஏன் தொடங்கவில்லை?
- ஓ.சி.டி.யின் கடுமையை அளக்கும் யேல்–பிரவுன் அளவுகோலில் என் மதிப்பெண் என்ன? எப்போது மறுபடி பார்ப்பீர்கள்?
- இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சிலில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு உண்டா? இல்லையென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?

யேல்–பிரவுன் 40 மதிப்பெண்ணுக்கானது. 16 முதல் 23 வரை மிதமானது, 24-உம் அதற்கு மேலும் கடுமையானது. தொடக்க மதிப்பெண்ணில் 35 விழுக்காடு குறைந்தால் சிகிச்சை பலிக்கிறது என்று கொள்வார்கள். 'பரவாயில்லையா?' என்று கேட்டு 'பரவாயில்லை' என்ற பதில் வாங்குவதைவிட இது நம்பகமானது. பெரியவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினர் உளவியல் சிகிச்சைக்கு இடையில் மோசமாவதும் உண்டு. அளந்து பார்க்காவிட்டால் அது கண்ணில் படாது.

நல்ல ஆலோசகர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். 'எனக்கு அந்தப் பயிற்சி இல்லை, இன்னாரிடம் போங்கள்' என்று சொன்னால் அவரை மதியுங்கள், அது நேர்மை. அவரே கற்றவராக இருந்து திட்டத்தை மாற்றிக்கொண்டால், ஏற்கெனவே இருக்கும் பிணைப்பை வீணாக்காமல் அவரிடமே தொடரலாம். மழுப்பினால் மாற்றுங்கள்.

பெங்களூரு பற்றி: நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, திறமையானது. ஆனால் வாரா வாரம் பட்டறையை மூடிவிட்டுப் போய்வர முடியுமா? முடியாமல் மூன்றாவது வாரம் நின்றுவிட்டால் இன்னொரு 'தோல்வி' கணக்கில் ஏறும். முதலில் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாத்திரையை ஒழுங்குபடுத்துங்கள். இ.ஆர்.பி. தெரிந்தவர் உள்ளூரில் கிடைக்காவிட்டால் காணொளி வழி அமர்வு கேளுங்கள். சரிபார்ப்பு நோய்க்கு அதில் ஓர் அனுகூலம் உண்டு: செல்போனைக் கையில் பிடித்தபடி ஷட்டருக்கு முன் நின்றே பயிற்சி செய்யலாம். சரியான அளவில் மாத்திரையும் முழுமையான இ.ஆர்.பி.யும் முடிந்த பிறகும் மதிப்பெண் இறங்கவில்லை என்றால், இரண்டின் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போங்கள்.